உடையார்பாளையமும் ஒரு ஏபிஐயும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீசுல ஆணி ஜாஸ்தி. போன பதிவுல "அடுத்தது கோயில் இட்லி பத்தி எழுதறேன்"னு சொல்லிட்டுப் போனவன், இப்போ ஏபிஐ பத்தி எழுத வந்திருக்கேன். இட்லி எங்கயும் போகாது, மந்தாரை இலையில பத்திரமா இருக்கு. அடுத்த தடவை நிச்சயம்.

"டெக்னிக்கல் மொக்கையா?"ன்னு ஓடப் பார்க்கறவங்க கொஞ்சம் நில்லுங்க. பாதிக்குப் பாதி எங்க ஊர்க் கதைதான். பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதியிருக்கேன் (முயற்சி பண்ணியிருக்கேன்).

மேட்டர் இதுதான். ஒரு வருஷமா நான் பார்க்கற ப்ராஜெக்ட், பிட்காயின், ஈத்தர் மாதிரியான டிஜிட்டல் சொத்தைப் பத்திரமா வச்சுக்கற கஸ்டடி கம்பெனி ஒண்ணோட ஏபிஐயை, எங்க க்ளையன்ட்டோட சாஃப்ட்வேர்ல கோக்கறது. க்ளையன்ட்டோட வாடிக்கையாளர்கள் காசு அந்தக் கஸ்டடி கம்பெனிகிட்ட இருக்கும். "இந்த அட்ரஸுக்கு இவ்வளவு அனுப்பு", "இருப்பு எவ்வளவு", "நேத்து அனுப்பினது போய்ச் சேர்ந்துச்சா"ன்னு நம்ம ப்ரோக்ராம் கேட்கும், அவங்க சர்வர் பதில் சொல்லும். இந்தக் கேள்வி பதிலை எந்த முறையில நடத்தணும்ங்கற ஒப்பந்தம்தான் ஏபிஐ.

இந்த மாதிரி ஏபிஐ டாக்குமெண்ட் எதைத் திறந்தாலும் ஆரம்பத்துலயே 'அடிப்படை விதிகள்'னு ஒரு பக்கம் இருக்கும். தேதியை எப்படி எழுதணும், தொகையை எப்படி எழுதணும், கையெழுத்து எப்படிப் போடணும், தப்பு வந்தா எந்த நம்பர் வரும், இத்யாதி. நம்மாளுங்க யாரும் அதைப் படிக்கறதில்ல. நேரா கீழ போய் மாதிரி கோடை எடுத்து ஒட்டிக்கறதுதான் குல வழக்கம். நானும் அந்தக் குலம்தான். அதுக்கு வாங்கின அடியைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

*

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி.

எங்க வீடு சின்ன காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயில்ல வேட்டு போட்டா எங்க வீட்டு ஜன்னல் அதிரும், அவ்வளவு பக்கம். தாத்தா தறிக்காரர். இப்போ வீட்டுல தறி ஓடறதில்ல. குழித்தறி இருந்த குழி மட்டும் அப்படியே இருக்கு. அது மேல பலகை போட்டு, பலகை மேல மேஜை போட்டு, மேஜை மேல என் லேப்டாப். வீட்டுலேர்ந்து வேலை பார்க்கற நாள்ல தாத்தா காலை நீட்டி உட்கார்ந்து நெய்ஞ்ச அதே இடத்துல நான் காலைத் தொங்கப் போட்டுட்டு மீட்டிங்ல 'எஸ் எஸ்' சொல்லிட்டு இருப்பேன்.

ஒரு நாள் தாத்தா கேட்டார், "நீ என்னாதான்டா வேலை பாக்கற கண்ணு?"

"அடுத்தவங்க சொத்தைப் பாதுகாப்பா வச்சிருக்கற கம்பெனி ஒண்ணு இருக்கு தாத்தா. அவங்க கிட்டேர்ந்து கேட்டு வாங்கிக் குடுக்கற ப்ரோக்ராம் எழுதறேன்."

தாத்தா கொஞ்சம் யோசிச்சார். "உடையார்பாளையம் மாதிரின்னு சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா அதைவிடச் சரியா யாராலயும் சொல்ல முடியாது.

காஞ்சிபுரத்துக்கு வெளிய இருக்கறவங்களுக்காக அந்தக் கதை. 1688. ஔரங்கசீப் படை வருதுன்னு ஊரே கலங்கிப் போயிருந்த காலம். கோயில் விக்கிரகங்களைக் காப்பாத்தணும். வரதராஜரோட உற்சவ மூர்த்தியை ரகசியமா ஊரை விட்டுக் கொண்டு போயிட்டாங்க. பாடையில பிணம் மாதிரி வச்சுத் தூக்கிட்டுப் போனாங்கன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. போய்ச் சேர்ந்த இடம் உடையார்பாளையம், இப்போ அரியலூர் மாவட்டத்துல இருக்கு. அங்க பாளையக்காரர் நல்லபடியாத்தான் பார்த்துக்கிட்டார். பிரச்சனை அதுக்கப்புறம்தான். ஆபத்து நீங்கி, ஊர் அடங்கி, "எங்க பெருமாளைத் திருப்பிக் குடுங்க"ன்னு கேட்டா, குடுக்க மனசு வரல. அவருக்குப் பெருமாள் மேல அவ்வளவு ஆசை வந்துடுச்சு.

கடைசியில ஆத்தான் ஜீயர் போய், தன்னோட சிஷ்யரான லாலா தோடர்மால்கிட்ட சொன்னார். கர்நாடக நவாப்கிட்ட தளபதியா இருந்தவர் தோடர்மால். படை பலத்தோட போய்க் கேட்டாத்தான் பெருமாள் கிளம்பினார். 1710ல காஞ்சிக்குத் திரும்பி வந்தார். கோயிலுக்குள்ள இதைச் சொல்ற கல்வெட்டே இருக்கு. 22 வருஷம்.

அதே மாதிரி ஊரை விட்டுப் போன பங்காரு காமாட்சி திரும்பி வரவே இல்ல. தஞ்சாவூர்லயே தங்கிட்டாங்க. அங்க கோயில் இன்னைக்கும் இருக்கு.

உடையார்பாளையத்துல பூட்டு சரியில்லாம ஒண்ணும் ஆகல, கவனிங்க. பாதுகாப்பு பிரமாதம். ஒரு கீறல் இல்ல. ஆனா "யார் வந்து கேட்டா, என்ன காட்டினா, எத்தனை நாள்ல குடுக்கணும்"னு பேசி வைக்கல. பேசி வைக்க அவங்களுக்கு அவகாசமும் இல்ல, பாவம். காவல்ங்கறதுல பாதிதான் பூட்டு. திருப்பிக் குடுக்கற முறைதான் மீதிப் பாதி. இந்த ஏபிஐ விதிகள் எல்லாமே அந்த மீதிப் பாதியைப் பத்தினதுதான்.

*

சரி, விதிகளுக்கு வருவோம். எல்லாத்தையும் எழுதினா நீங்க அடிக்க வருவீங்க. முக்கியமானது மட்டும்.

முதல் விதி: கேட்கறது யாரு?

உங்களுக்கு ஒரு கீ குடுப்பாங்க, கூடவே ஒரு ரகசியம். ரகசியத்தை அனுப்பவே கூடாது. நீங்க அனுப்பற நேரம், எந்தப் பக்கத்துக்கு அனுப்பறீங்க, உள்ள என்ன எழுதியிருக்கீங்க, மூணையும் சேர்த்து அந்த ரகசியத்தால ஒரு கையெழுத்து போட்டு அனுப்பணும். அந்தப் பக்கம் அவங்களும் கணக்குப் போட்டுப் பார்ப்பாங்க. ஒத்து வந்தாத்தான் வேலை நடக்கும். வழியில எவனாவது தொகையில ஒரு சைபர் கூட்டினாலும் கையெழுத்து ஒத்து வராது.

நேரத்தை எதுக்கு சேர்க்கணும்? பழைய சீட்டை எடுத்துட்டு வந்து திரும்பக் காட்டாம இருக்கறதுக்கு. சில நிமிஷத்துக்கு மேல பழசா இருந்தா சர்வர் தள்ளிடும். உங்க கம்ப்யூட்டர் கடிகாரம் தப்பா ஓடினாலும் தள்ளிடும். நான் ஒரு முழு நாள் 401, 401ன்னு வாங்கிட்டு, கோடை எல்லாம் பிரிச்சு மேஞ்சு, கடைசியில பார்த்தா டெஸ்ட் மெஷின்ல கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னாடி. ஹி ஹி.

ரெண்டாவது விதி: தொகையை எழுத்தா எழுது.

அதாவது 0.1ன்னு எண்ணா அனுப்பாதே, மேற்கோள் குறிக்குள்ள "0.1"ன்னு அனுப்பு. முதல்ல படிக்கும்போது "இது என்னடா வெட்டி பந்தா"ன்னு தோணிச்சு. ஆனா எந்த ப்ரோக்ராமரைக் கேட்டாலும் சொல்லுவான், கம்ப்யூட்டர்ல 0.1ஐயும் 0.2ஐயும் சாதாரணமா கூட்டினா 0.30000000000000004ன்னு வரும். சினிமா டிக்கெட் கணக்குக்கு பரவாயில்ல. இங்க? ஒரு பிட்காயினைப் பத்து கோடி துண்டா உடைக்கலாம், ஒவ்வொண்ணும் ஒரு சதோஷி. ஈத்தர்ல தசம புள்ளிக்கு அப்புறம் 18 இலக்கம். ஜாவாஸ்கிரிப்ட்ல முழு எண்ணைத் துல்லியமா வச்சுக்கற எல்லை 9007199254740991. ஒரே ஒரு ஈத்தரை அதோட சின்ன அலகுல எழுதினாலே அந்த எல்லையைத் தாண்டிடும். அதனால எழுத்தாவே அனுப்பு, எழுத்தாவே வாங்கு, கூட்டல் கழித்தலுக்குத் துல்லியமான தசமக் கணக்கு லைப்ரரி வச்சுக்கோ.

அலகும் முக்கியம். எதிரியம் நெட்வொர்க்ல யூஎஸ்டிடிக்கு 6 இலக்கம், ஈத்தருக்கு 18. இதுக்கு அதைப் போட்டா தொகை லட்சம் கோடி மடங்கு மாறும்.

தாத்தாகிட்ட இதைச் சொன்னப்ப அவர் ஆச்சரியமே படல. "ஜரிகையை கெஜத்துல வாங்கி எடையில திருப்புவியா? எதுல வாங்கினியோ அதுலதான் கணக்கு." முடிஞ்சது மேட்டர்.

மூணாவது விதி: அட்ரஸ்ல பெயர் இருக்காது.

மணி ஆர்டர்ல பேர் தப்பா இருந்தா போஸ்ட்மேன் திரும்பக் கொண்டு வருவார். இங்க போஸ்ட்மேன் கிடையாது. போனது போனதுதான். அதனால எதிரியம் அட்ரஸ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து கலந்து வர்றதே ஒரு சோதனை. ஒரு எழுத்து மாறினா, 'இது அட்ரஸ் இல்ல'ன்னு பெரும்பாலும் கண்டுபிடிச்சுடலாம். அழகா இருக்கட்டும்னு எல்லாத்தையும் சின்ன எழுத்தா மாத்தி வச்சுக்காதீங்க (நான் வச்சிருந்தேன்).

எக்ஸ்ஆர்பி மாதிரி சிலதுல இன்னொரு கூத்து. எக்ஸ்சேஞ்சு எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே அட்ரஸ் வச்சிருக்கும். யாரோட காசுன்னு சொல்றது கூட அனுப்பற 'டேக்' நம்பர்தான். அபார்ட்மெண்ட் அட்ரஸ் எழுதிட்டு வீட்டு நம்பரை விட்ட மாதிரி. டேக் இல்லாம அனுப்பினா காசு வாசல்ல நிக்கும், உள்ள போகாது.

நாலாவது விதி: ஒரு வேலைக்கு ஒரு சீட்டு.

இங்கதான் நான் அடி வாங்கினேன்.

*

பணம் அனுப்பச் சொல்லி ஒரு கோரிக்கை அனுப்பறோம். பதில் வரல. நெட் போச்சா, சர்வர் தூங்குதா, தெரியல. கோரிக்கை போய்ச் சேர்ந்துச்சா? போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில தொலைஞ்சுச்சா? அதுவும் தெரியாது. திரும்ப அனுப்பினா ரெண்டு தடவை பணம் போயிடும். அனுப்பாம விட்டா ஒரு தடவையும் போகாம இருக்கலாம்.

இதுக்கு ஒரு அழகான வழி இருக்கு. ஒவ்வொரு வேலைக்கும் நாமளே ஒரு தனி நம்பர் குடுக்கணும். அதே வேலையைத் திரும்ப அனுப்பும்போது அதே நம்பர். அந்தப் பக்கம், "இந்த நம்பரை ஏற்கனவே பார்த்திருக்கேன், இந்தா பழைய பதில்"னு சொல்லும். பணம் ஒரு தடவைதான் போகும். எத்தனை தடவை தட்டினாலும் லிஃப்ட் ஒரு தடவை வர்ற மாதிரி.

நான் அந்த நம்பரைப் போட்டேன் சாமி. போடாம இல்ல. ஆனா எங்க போட்டேன்? அனுப்பற ஃபங்ஷனுக்கு உள்ள. அதாவது ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் புது நம்பர். சீட்டுக்கே அர்த்தம் இல்லாமப் போச்சு. டெஸ்ட் சர்வர்ல எப்பவும் உடனே பதில் வந்துடும், அதனால திரும்ப அனுப்பற வேலையே வரல. எல்லா டெஸ்ட்டும் பச்சை. டேமேஜர் வந்து முதுகுல தட்டினார். நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நிஜ சர்வர் மெதுவாச்சு. ஒருத்தருக்கு 600 டாலர் மதிப்புள்ள காயின் போகணும். முப்பது செகண்டு பதில் இல்ல. என் ப்ரோக்ராம் சமத்தா திரும்ப அனுப்பிச்சு. திரும்பவும் பதில் இல்ல. திரும்பவும் அனுப்பிச்சு.

மூணும் போய்ச் சேர்ந்திருக்கு. ரெண்டு கிளம்பிடுச்சு. மூணாவது நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னா, ஒரே நாள்ல ஒரே அட்ரஸுக்கு ரெண்டு தடவைக்கு மேல போனா ஒரு மனுஷன் பார்த்து ஓகே சொல்லணும்னு க்ளையன்ட் ஒரு விதி வச்சிருந்தாங்க. (அந்த விதியை "எதுக்கு இது, ஸ்லோ ஆகுது"ன்னு எடுக்கச் சொல்லி மெயில் போட்டதும் அடியேன்தான்.) அங்க ராத்திரி டூட்டியில இருந்த அம்மா ஒருத்தங்க, "இதே ஆளுக்கு இதே தொகை மூணாவது முறை, வேணும்னேதான் அனுப்பறீங்களா?"ன்னு மெயில் போட்டாங்க.

அந்த மெயிலை நான் சனிக்கிழமை காலையில, எங்க வீட்டுப் பலகை மேல உட்கார்ந்து, காபி டம்ளரோட படிச்சேன். காபி இறங்கல.

பிளாக்செயின்ல 'அன்டூ' கிடையாது. பேங்க்கா இருந்தா போன் போட்டு அழலாம். இங்க ஒரே வழி, வாங்கினவரையே கேட்கறதுதான். கேட்டாங்க. ஒன்பது நாள் பதில் இல்ல. அந்த ஒன்பது நாளும் நான் சாப்பிட்டது தூங்கினது எதுவும் சரியில்ல. 600 டாலர் எங்க கம்பெனிக்கு ஒரு பொருட்டே இல்லைதான். ஆனா அது கம்பெனி காசு இல்ல, க்ளையன்ட் காசும் இல்ல. எங்கயோ இருக்கற ஒரு வாடிக்கையாளரோட காசு. அவருக்கு என் பேர் தெரியாது. அவர் கணக்குல என் கையால ஓட்டை.

பத்தாவது நாள் அந்த ஆள் திருப்பி அனுப்பிட்டார். ஊருக்குப் போயிருந்தாராம்.

*

அந்த ஒன்பது நாள்ல ஒரு நாள் தாத்தா என்னைப் பார்த்துட்டு, என்னன்னு கேட்டார். சொன்னேன். திட்டுவார்னு பார்த்தேன். அவர் கதையைச் சொன்னார். இத்தனை வருஷத்துல இதை வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்லையாம்.

நெசவுல எப்படின்னா, பட்டும் ஜரிகையும் தறிக்காரருக்குச் சொந்தம் இல்ல. முதலாளியோ கூட்டுறவு சங்கமோ எடை போட்டுக் குடுப்பாங்க. நெய்ஞ்சு முடிச்சுச் சேலையைக் குடுக்கும்போது அதையும் எடை போடுவாங்க. மிச்சம் இருக்கற நூலும், கழிவும் கணக்குல வரணும். ஜரிகையில வெள்ளி இருக்கு, மேல தங்க முலாம். ஒவ்வொரு கிராமுக்கும் விலை. பாஸ்புக்ல பற்று வரவு எல்லாம் எழுதியிருக்கும். யோசிச்சுப் பார்த்தா மாசக் கணக்குல அடுத்தவன் வெள்ளி நம்ம வீட்டுப் பரண்ல இருக்கு. கஸ்டடிதான், வேற என்ன?

தாத்தாவுக்குக் கல்யாணம் ஆன புதுசு. முதலாளி வீட்டுல ஏதோ விசேஷம், அவசரத்துல ஜரிகைக் கட்டைக் கையில குடுத்து, "எடை எழுதியாச்சு, எடுத்துட்டுப் போப்பா"ன்னுட்டாங்க. பெரிய மனுஷன் முன்னாடி தராசு கேட்கறது மரியாதை இல்லைன்னு தாத்தாவும் வாங்கிட்டு வந்துட்டார். சேலையைக் கொண்டு போய்க் குடுத்தப்ப கணக்குல பன்னெண்டு கிராம் குறைஞ்சுது.

"எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். அவருக்கு எப்படிடா தெரியும்?"

கூலியில பிடிச்சுக்கிட்டாங்க. அது போயிட்டுப் போகுது. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அந்த வீட்டுல தாத்தா போனா, ஜரிகை வச்சிருக்கற அறைக் கதவை லேசா சாத்துவாங்களாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லல. கதவு மட்டும் சாத்தும்.

அப்புறம் எங்க போனாலும், சொந்த மச்சான் குடுத்தாலும், தாத்தா தராசுல போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார். நான் கேட்டேன், "யாரையும் நம்ப மாட்டியா தாத்தா அதுக்கப்புறம்?"

"நம்பாம இல்லடா கண்ணு. நம்பிக்கை கெட்டுப் போகக்கூடாதுன்னுதான் எடை."

நான் அடுத்த நாள் அந்த விதிகள் பக்கத்தை முதல் வரியிலேர்ந்து படிச்சேன்.

*

படிச்சப்பதான் மீதியும் புரிஞ்சுது.

பணம் அனுப்பச் சொன்னா சர்வர் "ஆச்சு"ன்னு சொல்லாது, 202ன்னு சொல்லும். 'வாங்கி வச்சுக்கிட்டேன்'னு அர்த்தம், 'அனுப்பிட்டேன்'னு அர்த்தம் இல்ல. அதுக்கப்புறம் அனுமதி, கையெழுத்து, நெட்வொர்க், உறுதின்னு எத்தனையோ படி. பிட்காயின்ல ஒரு பிளாக்குக்குச் சராசரியா பத்து நிமிஷம். ஆறு பிளாக் ஆகட்டும்ங்கறது பழைய வழக்கம், அதுக்கே ஒரு மணி நேரம். 202 வந்த உடனே வாடிக்கையாளருக்கு 'பணம் போயாச்சு'ன்னு எஸ்எம்எஸ் அனுப்பறது, பாவு பிணைக்கும்போதே சேலைக்கு பில் போடற மாதிரி.

வேலை முடிஞ்சதும் அவங்க சர்வரே நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும், வெப்ஹுக்னு பேர். அது ரெண்டு தடவை வரலாம், முன்னுக்குப் பின் வரலாம், வேற எவனாவது அவங்க பேர்ல அனுப்பலாம். கையெழுத்தைச் சரி பாரு, அப்பவும் முழுசா நம்பாம நீயே போய் ஒரு தடவை கேட்டுக்கோ.

கடைசியா, பெரிய விதி. பெரிய தொகைக்கு ஒரு கை போதாது. ஒருத்தர் கேட்கணும், வேற ஒருத்தர் ஒத்துக்கணும். எங்க ஊர் அத்தி வரதரை நினைச்சுக்கோங்க. அனந்தசரஸ் குளத்துக்குள்ள 40 வருஷம். 1979ல வந்தார், அப்புறம் 2019ல ஜூலை 1லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். உலகத்துலயே பழைய கோல்டு ஸ்டோரேஜ் அதுதான்னு ஆபீசுல ஜோக் அடிப்பேன். ஒருத்தர் நினைச்சா வெளிய எடுக்க முடியாது. குளத்தை இறைக்கவே ஊர் கூடணும்.

ஆனா பல கை இருந்தா மட்டும் போதுமா? 2024 ஜூலை 18 அன்னைக்கு நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சுலேர்ந்து 23 கோடி டாலருக்கு மேல போச்சு. அந்த வாலட்டுக்கு ஆறு கையெழுத்துக்காரர்கள். அஞ்சு பேர் எக்ஸ்சேஞ்சு தரப்பு, ஒண்ணு கஸ்டடி கம்பெனியான லிமினல் தரப்பு. மூணு பேர் போட்டு அப்புறம் கஸ்டடி கம்பெனியும் போடணும். முன்கூட்டியே அனுமதிச்ச அட்ரஸ் பட்டியலும் உண்டு. இவ்வளவும் இருந்தும் போச்சு. திரையில தெரிஞ்சது ஒண்ணு, கையெழுத்து விழுந்தது வேற ஒண்ணுன்னு எக்ஸ்சேஞ்சு சொன்னாங்க. தப்பு எங்க பக்கம் இல்லைன்னு ரெண்டு தரப்பும் சொன்னாங்க. 2025 பிப்ரவரி 21ல துபாய் பைபிட்ல சுமார் 150 கோடி டாலர் போனதும் கிட்டத்தட்ட இதே கதை. அங்க கையெழுத்து போடற இணையப் பக்கத்தோட கோடையே மாத்தி வச்சிருந்தாங்க. ரெண்டுக்கும் பின்னாடி வட கொரியான்னு அமெரிக்கா சொல்லுது.

அதாவது எல்லாரும் கையெழுத்து போட்டாங்க, யாரும் எடை போடல. எழுதின எடையை மட்டும் படிச்சாங்க. தாத்தா செஞ்ச அதே தப்பு, பன்னெண்டு கிராமுக்கு பதிலா கோடிக்கணக்குல.

மாட்டிக்கிட்டது லட்சக்கணக்கான சாதாரண ஜனங்க. திரும்ப எக்ஸ்சேஞ்சு திறக்கறதுக்கு 2025 அக்டோபர் ஆச்சு. அந்த மாசம் 25ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றத்துல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு உத்தரவு போட்டார். எக்ஸ்ஆர்பி வச்சிருந்த ஒரு முதலீட்டாளர் போட்ட வழக்கு. திருட்டுப் போனது வேற வகை டோக்கன், என்னோடது இல்லையேன்னு அவங்க வாதம். கிரிப்டோவும் ஒரு சொத்துதான், அதை இன்னொருத்தர் சார்பா நம்பிக்கைப் பொறுப்புல வச்சிருக்க முடியும்னு நீதிமன்றம் சொல்லி, அவங்களுக்கு இடைக்காலப் பாதுகாப்பு குடுத்துச்சு. அதுக்கு முன்னாடியே, 2023 மார்ச்ல மத்திய அரசு டிஜிட்டல் சொத்தைப் பாதுகாத்து வைக்கற தொழிலையும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துடுச்சு.

அந்தத் தீர்ப்புச் செய்தியைப் படிச்சப்ப எனக்கு உடையார்பாளையம்தான் ஞாபகம் வந்துச்சு. வச்சிருக்கறவன் வேற, சொந்தக்காரன் வேற. இதை எங்க ஊர்க்காரங்க ஒரு தளபதியைக் கூட்டிட்டுப் போய்ச் சொல்ல வேண்டியிருந்துச்சு. இப்போ கோர்ட்டுக்குப் போய்ச் சொல்லலாம். அதுவும் இல்லாம, ஒரு கோரிக்கை அனுப்பினா தானா நடக்கணும்ங்கறதுக்குத்தான் அந்த ஒரு பக்கம் விதிகள்.

*

இப்போ என் ப்ரோக்ராம்ல ரெண்டு மாத்தம் பண்ணியிருக்கேன். ஒண்ணு, சீட்டு நம்பரை வேலை பிறக்கும்போதே டேட்டாபேஸ்ல எழுதிடறேன். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே நம்பர். அஞ்சு வரி கோடு, அவ்வளவுதான்.

ரெண்டாவது, யாரும் கேட்காம நானா பண்ணினது. தினம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சின்ன ப்ரோக்ராம் ஓடும். நம்ம புத்தகத்துல இருக்கற இருப்பு, கஸ்டடி கம்பெனி சொல்ற இருப்பு, பிளாக்செயின்ல நிஜமா இருக்கற இருப்பு, மூணையும் எடுத்து ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பார்க்கும். ஒரு சதோஷி குறைஞ்சாலும் எனக்கு மெசேஜ் வரும். அந்த ப்ரோக்ராமுக்குப் பேர் 'தராசு'. டேமேஜர் இங்கிலீஷ்ல பேர் வைக்கச் சொன்னார். மாத்தல.

அந்த 'ரெண்டு தடவைக்கு மேல மனுஷன் பார்க்கணும்' விதியை எடுக்கச் சொன்ன மெயிலையும் மன்னிப்போட வாபஸ் வாங்கிட்டேன். ராத்திரி டூட்டி அம்மாவுக்குத் தனியா நன்றி சொல்லி எழுதினேன். அவங்க ஒரு ஸ்மைலி மட்டும் பதிலா போட்டாங்க.

தாத்தாகிட்ட 'தராசு' கதையைச் சொன்னேன். "படிக்கல்லு சரியா இருக்கான்னு யாரு பாக்கறது?"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அடுத்த வாரம் அதுக்கும் ஒரு டெஸ்ட் எழுதணும்.

டிஸ்கி 1: இது முதலீட்டு ஆலோசனை இல்ல. காயின் வாங்குங்கன்னோ வாங்காதீங்கன்னோ நான் சொல்லல. என்கிட்ட ஒண்ணு கூட இல்ல.

டிஸ்கி 2: உங்கள்ல பொட்டி தட்டறவங்க யாராவது இந்த மாதிரி ரெண்டு தடவை, மூணு தடவை அனுப்பி மாட்டியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. நான் மட்டும்தான் இல்லைன்னு தெரிஞ்சா கொஞ்சம் நிம்மதியா இருக்கும்.